மின்சாரம் வரும்வரை காத்திருந்த நிக்காஹ்

எங்கள் வீட்டில் ஒரு நிகழ்ச்சி எப்போது நடந்தது என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரும். அத்தா, என் அப்பா, நாட்காட்டித் தேதியைச் சொல்வார். அம்மா பிறைக் கணக்கைச் சொல்வாள். அம்மாவின் அண்ணனான மாமாவோ, "நான் பிரௌசிங் சென்டர் ஆரம்பிச்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று திருப்பிக் கேட்பார். சின்னம்மாவின் நிக்காஹ் விஷயத்தில் மட்டும் மூவரும் ஒத்துப்போவார்கள். பெருநாள் கழிந்த ஷவ்வால் மாதம், மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, அந்தி மஃரிபு தொழுகைக்குப் பின், மாமா கடை திறந்த பிறகு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

புதுச்சேரியைப் பற்றி எழுதுகிறவர்கள் மஞ்சள் சுவர்களையும் கடற்கரைச் சாலையையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில் நடந்ததை எழுத வேறு ஆள் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சின்னம்மா அம்மாவுக்குத் தங்கை. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தாத்தா இறந்துவிட்டதால் அவளுக்கு வலீ, அதாவது மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், மாமாதான். மாப்பிள்ளை பாரிசுக்குப் பக்கத்தில் வேலையில் இருந்தார். அங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் அது கைக்கு வரும்வரை அவரால் நாட்டைவிட்டு அசைய முடியாது. தேதியைத் தள்ளிப்போட இரு வீட்டாருக்கும் மனமில்லை. மாமாவுக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது. அவருடைய கடைக் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து, முகம் பார்த்தபடியே நிக்காஹ்வை முடித்துவிடலாம். புதுச்சேரியிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது வயதுகூட ஆகாதவர், நிறையப் படிப்பவர், சைக்கிளில் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"கம்ப்யூட்டர் ஹராமுன்னு நான் சொல்லலீங்க. நீங்க கொடுத்தேன்னு சொல்றதும் அவரு ஏத்துக்கிட்டேன்னு சொல்றதும் ஒரே சபையில நடக்கணும். நடுவுல கரண்ட் போச்சுன்னா உங்க சபையும் போச்சே?"

பிறகு அவரே வழியும் சொன்னார். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வழியாகச் சாட்சிகள் முன்னிலையில் ஒருவரைத் தன் பிரதிநிதியாக, வகீலாக, நியமிக்கட்டும். அந்த வகீல் சபையில் உட்கார்ந்து அவருக்காக ஏற்றுக்கொள்ளட்டும். மாமாவுக்கு முகம் வாடினாலும் கம்ப்யூட்டருக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்ததே என்று தேறிக்கொண்டார். வகீலாக வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. முதலியார்பேட்டைக்காரர், பத்திரங்கள் பதியும் நொத்தேர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அன்று மதியம் ஹாலில் கம்ப்யூட்டரை வைத்து, திரையில் மாப்பிள்ளை முகம் தெரிந்ததும், மாமா மகிழ்ச்சி தாங்காமல் மாப்பிள்ளைக்கு வாங்கிய ரோஜா மாலையைத் திரையின் மேலேயே போட்டுவிட்டார். எங்களுக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு அலறினாள்.

"ஐயோ, அண்ணே! கழட்டுங்க, கழட்டுங்க! நல்லா இருக்குற மனுசனுக்குப் போய் படத்துக்குப் போடற மாதிரி போட்டிருக்கீங்களே!"

எங்கள் வீடுகளில் செத்தவர் படத்துக்கு மாலை போடும் வழக்கம் கிடையாது. அவள் விளக்கிய பிறகுதான் மாமாவுக்குப் புரிந்தது. திரைக்குள்ளிருந்து மாப்பிள்ளை, "மச்சான், நான் இன்னும் இருக்கேன்" என்று சொல்ல, வீடே சிரித்தது. பெரியப்பாவை வகீலாக நியமிக்கும் சடங்கும் அந்தச் சிரிப்போடு முடிந்தது. அதன் பிறகுதான் மின்சாரம் போனது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மாப்பிள்ளையின் வேலை முடிந்துவிட்டதல்லவா?

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் சபை கூடியது. மாமா இரண்டு சாட்சிகளோடு பெண்கள் இருந்த அறையின் திரைச்சீலை அருகே வந்து, மாப்பிள்ளையின் பெயரையும் அவர் பெண்ணுக்குத் தரும் மஹர் தொகையையும் சொல்லி, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். இந்த இடத்தில் பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் பெண்கள் "சம்மதம், சம்மதம்" என்று குரல் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எல்லோரும் குரல் கொடுத்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக நானும் கொடுத்தேன்.

"நான் இன்னும் சொல்லல" என்றாள் சின்னம்மா.

அவளே தொடர்ந்தாள்.

"படிப்ப முடிச்சுட்டுத்தான் நான் அங்க போவேன். அத நிபந்தனையா சபையில சொல்லணும். அவரு ஏத்துக்கிட்டா எனக்குச் சம்மதம்."

"ஏம்மா, அதான் போன்லயே சரின்னு சொல்லிட்டாரே!"

"எனக்குச் சொன்னாரு அண்ணே. சாட்சிக்குச் சொல்லலையே."

மாமா வேர்த்துப்போய் ஹாலுக்குப் போனார். நான் திரைச்சீலையின் ஓரத்தில் கண்ணை வைத்துக்கொண்டேன். பெரியப்பா கோபப்படவில்லை. ஆனால் எழுத்தர் வேலை அவர் எலும்புவரை இறங்கியிருந்தது.

"எனக்குக் கொடுத்த அதிகாரம் மஹருக்கு ஒத்துக்கத்தான். நிபந்தனைக்கு ஒத்துக்க நான் யாரு? அத அவன்தான் சொல்லணும்."

உறவுக்காரர் ஒருவர் எரிச்சலோடு, "கன்னிப் பொண்ணோட மௌனமே சம்மதம்னு மார்க்கத்துலயே இருக்கு. சம்மதம்னு முடிங்க ஹஜ்ரத், பிரியாணி தம் ஒடைக்கணும்" என்றார்.

"இருக்குதுங்க. கூச்சப்பட்டுப் பேசாம இருக்குற பொண்ணுக்காகச் சொன்னது அது" என்றார் ஹஜ்ரத். "இது வாயைத் திறந்து பேசிடுச்சே. இனிமே எங்க மௌனம்? நிறைவேத்த வேண்டிய நிபந்தனைகள்ல முதல்ல நிக்கறது நிக்காஹ்வுல போட்டதுதான்னு நபிமொழி இருக்கு. மாப்பிள்ளைய கேளுங்க."

மாமா செல்போனை எடுத்தார். ஹஜ்ரத் தலையசைத்தார். "கொரல் யாரோடதா வேணா இருக்கலாம். சாட்சிங்க மொகத்தப் பாக்கணும். கம்ப்யூட்டரப் போடுங்க."

எந்தக் கம்ப்யூட்டரை வேண்டாம் என்றாரோ அதையே அவர் கேட்கிறார். அதுவோ கறுத்துக் கிடக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கைகொடுக்கும் பெட்டியை மாமா கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆகவே முழுச் சபையும் மின்சாரத்துக்காகக் காத்திருந்தது.

அறைக்குள் மாமி, மாமாவின் மனைவி, சின்னம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருசப் படிப்புக்காவ வர்ற வாழ்க்கைய ஒதச்சுத் தள்ளுவியா? அவங்க எழுந்து போய்ட்டாங்கன்னா அப்புறம் யாரு வருவா?" சின்னம்மா மருதாணிக் கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். கல்யாணம் நின்றுவிடும் என்றும், ஹஜ்ரத் அவள்மேல் கோபமாக இருப்பதால்தான் எல்லோரையும் உட்கார வைத்திருக்கிறார் என்றும் எண்ணி எனக்கு அழுகை வந்தது. அம்மா மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் தங்கையின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

மஃரிபுக்குச் சற்று முன்னால் விளக்குகள் எரிந்தன. மாமா கம்ப்யூட்டரை நோக்கிப் பாய்ந்தார். அந்தக் காலத்து இணைப்பு. முகம் பாதிப் பாதியாக வந்து சேர்ந்தது. அங்கே நண்பகல் தாண்டியிருந்தது. மாப்பிள்ளை அதே தொப்பியோடு, வாயில் பேரீச்சம்பழத்தோடு இருந்தார். நிக்காஹ் முடிந்திருக்கும் என்று நினைத்துத் தன் நண்பர்களுக்கு இனிப்புக் கொடுக்கத் தொடங்கிவிட்டாராம். ஹஜ்ரத் நிபந்தனையைச் சொல்லி, ஏற்கிறாரா என்று கேட்டார். திரையில் வாய் அசைந்தது. குரல் கொஞ்சம் கழித்து வந்தது.

"ஏத்துக்கறேன் ஹஜ்ரத். போன மாசமே மச்சான்கிட்ட சபையில சொல்லச் சொன்னேனே, இன்னும் சொல்லலையா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கம்ப்யூட்டர் ஒயரைச் சரிசெய்யத் தொடங்கினார். பெரியப்பா, "எனக்கு அதிகாரம் வந்துடுச்சு" என்று அறிவித்துவிட்டு மீண்டும் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சாட்சிகள் திரைச்சீலைக்கு வந்தார்கள். இந்த முறை பெண்கள் யாரும் குரல் கொடுக்கவில்லை. சின்னம்மா தானே சொன்னாள், ஹாலுக்கும் கேட்கும்படி: "சம்மதம்." மஃரிபு தொழுதபின் நிக்காஹ் நடந்தது. பிரியாணி அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

பின்னாளில் மார்க்கச் சட்ட நூல்களையும் அவற்றின்மேல் இன்று நடக்கும் விவாதங்களையும் தேடித் தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. மணப்பெண் நிபந்தனை கேட்பது புதுமையே அல்ல. எது செல்லும், எதுவரை செல்லும் என்று பழைய இமாம்களே விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். நாம்தான் குரல் கொடுக்கும் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கும் பழக்கத்தைக் கைவிட்டோம். பெரிய நகரங்களில் அறிஞர்கள் மேடை போட்டுப் பேசும் கேள்வியை, எங்கள் தெருவில் ஒரு பெண் மருதாணி காயாத கையோடு கேட்டாள்; சைக்கிளில் வந்த ஒரு ஹஜ்ரத் அதற்குப் பதில் வரும்வரை ஊரை உட்கார வைத்தார். படிப்பை முடித்த பிறகே அவள் விமானம் ஏறினாள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வருவதை நான் மறைப்பதில்லை.

ஆனால் அந்த நாளில் எனக்கு விளங்காமல் போனது வேறு ஒன்று. விருந்தினர் போய்விட்டார்கள். ஹஜ்ரத் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தா ஹாலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் பேசாத அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஹஜ்ரத், ஒருத்தி நிக்காஹ் அன்னிக்குக் கேக்காம விட்டுட்டான்னா, அப்புறமா கேக்கலாமா?"

ஹஜ்ரத் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நிபந்தனையா முடியாதும்மா. ஆனா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் உக்காந்து பேசினா எந்த வயசுலயும் கேக்கலாம்."

சின்னம்மாதான் எதையோ விட்டுவிட்டாள் என்று நினைத்து உள்ளே ஓடினேன். "நீ இன்னா கேக்க மறந்தே?" என்றேன்.

"நான் எல்லாத்தையும் கேட்டுட்டேனே" என்றாள் அவள்.

அம்மா தன் நிக்காஹ்வுக்கு உட்கார்ந்தபோது கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள், அதோடு படிப்பு நின்றுவிட்டது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. திரும்பி ஹாலுக்கு வந்தபோது, சுருட்டிய பாய்களில் ஒன்றை அத்தா மறுபடி விரித்து, அம்மாவை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து வீட்டை ஒழுங்குபடுத்தும் நேரத்தில் இவர் ஏன் பாயை விரிக்கிறார் என்று நான் யோசித்தபடி நின்றேன்.