ஆக்சிலில் சுற்றிய பட்டு நூல்

தயாளனின் கடையை மூட வைத்தவன் நான். ஆம், நான்தான்! அவனுக்குத் தொழில் தெரியவில்லை என்று ஆரணியில் பேசிக்கொள்கிறார்கள். பொய். அவன் கண்ணில் பட வேண்டியதை எடுத்து ஒளித்தவன் நான்.

காரணம் கேட்பீர்கள். பொறாமை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான். இதற்கு நல்ல பெயர் ஒன்று வைக்க எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்... கிடைக்கவில்லை.

இருவரும் ஒரே ஷெட்டில் கார் வேலை கற்றோம். அவன் என்னைவிட இரண்டு வயது இளையவன். நான் தனிக்கடை போட்டுப் பத்து வருடம் கழித்து, எனக்கு நேர் எதிரே அவன் கடை போட்டான். டைல்ஸ் போட்ட தரை, வாடிக்கையாளர் உட்கார நாற்காலி, குறையைத் திரையில் காட்டும் ஸ்கேனர்! என் வாசலில் டீ கிளாஸோடு நின்று எதிர்வாசலைப் பார்ப்பேன். அங்கே நான்கு வண்டி நிற்கும். இங்கே நான் நிற்பேன். என் மனைவிகூட ஒருநாள் சொன்னாள்: "தயாளன் கடை எப்டி பளிச்சுனு இருக்குது பாருங்க." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது. ஒரு பட்டு வியாபாரியின் வண்டி. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முழுதும் உதறும். காலை எடுத்தால் அடங்கிவிடும். தயாளன் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். குறை எதுவும் இல்லை என்றது. பிளக் மாற்றினான், இக்னிஷன் காயில் மாற்றினான். உதறல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் சாலையைக் கடந்து என்னிடம் வந்தான்.

"அண்ணே, பேஜாரா போச்சுண்ணே. மூணு நாளா முட்டிகினு இருக்கறேன். நீங்க ஒருதபா கை வச்சுப் பாருங்க. இந்த ஆளு வண்டிய முடிச்சிட்டா பட்டுக்கடைக்காரங்க அத்தினி பேரும் வருவாங்க. இல்லனா பேரு கெட்டுடும்ணே."

எவ்வளவு வெள்ளையாகக் கேட்டான், பாருங்கள்! நானாக இருந்தால் செத்தாலும் அவன் வாசலை மிதித்திருக்க மாட்டேன். அதற்கும் சேர்த்தே எரிந்தது எனக்கு.

வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தான். அடியில் படுத்து, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டைத் தடவினேன். விரலில் கிரீஸ். அடுத்து, கெட்டியாக ஒரு வளையம்... பட்டு நூல்!

எங்கள் ஊரில் காலையில் தெருவிலேயே தறிக்கான பாவு நூலை நீட்டுவார்கள். அறுந்த நூல் தரையில் கிடக்கும். அதன்மேல் ஓடும் வண்டியின் ஆக்சிலில் அது சுற்றிக்கொள்ளும். பட்டு லேசில் அறுமா? இறுகி இறுகி, ஆக்சில் முனையிலுள்ள ஜாயின்ட்டை மூடிய ரப்பர் உறையை அறுத்துவிடும். கிரீஸ் வெளியே போய் ஜாயின்ட் தேய்ந்துவிடும். பிறகு மிதித்தால் உதறாமல் என்ன செய்யும்? இதை எந்த ஸ்கேனரும் காட்டாது. முன்பு ஒரு வண்டியில் பார்த்திருந்ததால் எனக்குத் தெரியும்.

ஒரு வார்த்தை போதும். "நூலுடா தயாளா" என்றால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு.

"டார்ச்சு எடுத்துனு வா."

அவன் உள்ளே போனான். அந்த இடைவெளியில் பிளேடால் நூலை அறுத்தேன். வேஸ்ட் துணியால் கிரீஸைத் துடைத்தேன். உறையின் கீறல் மடிப்புக்குள் மறைந்துகொண்டது. நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் டார்ச்சோடு வந்தபோது எழுந்து கையைத் தட்டினேன்.

"இன்ஜின் மவுண்ட்டு போயிருக்கும். மாத்திப் பாரு."

அவன் நம்பினான். ஏன் நம்பமாட்டான்? அண்ணன் அல்லவா நான்!

இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டை மாற்றியும் உதறியது. வியாபாரி நடுத்தெருவில் நின்று கத்தினார். "மெஷினு வச்சிகினு ஊர ஏமாத்தறியா?" தயாளன் தலைகுனிந்து நின்றான். நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். இனித்தது. மறைக்காமல் சொல்கிறேன்... இனித்தது!

அந்த வண்டி சாலையைக் கடந்து என்னிடம் வந்தது. அரை நாளில் ஜாயின்ட்டை மாற்றிக் கொடுத்தேன். "ஏழுமலை கைபட்டா போதும்" என்று வியாபாரி ஊரெல்லாம் சொன்னார். அதன்பின் பட்டுக்கடை வண்டிகள் என் வாசலில் நின்றன. ஒரு வருடம் தாக்குப்பிடித்தான் தயாளன். பிறகு கடையைக் காலி செய்து, வேலூரில் ஒரு ஒர்க் ஷாப்பில் சம்பளத்துக்குப் போனான். போகும்போது, "எனக்குத் தோணவே இல்லண்ணே, உங்க கை கைதான்" என்று கும்பிட்டான்.

சென்ற மாதம் போன் செய்தான்.

"அண்ணே, இங்க ஒரு வண்டி மிதிச்சா உதறுது. ஸ்கேனர்ல ஒண்ணியும் இல்ல. ஆரணி வண்டிதான்."

இம்முறை நல்லவனாக இருக்கத் துடித்தேன். பழையதைக் கழுவிவிடலாம் என்று ஒரு நப்பாசை. படபடவென்று சொன்னேன்.

"நூலு சுத்திகினு இருக்கும் தயாளா. ஆக்சில்ல கை வச்சாலே தெரியும்!"

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டான்.

"அன்னிக்கு நீங்க கை வச்சீங்களேண்ணே..."

"அன்னிக்கு... கையில ஆப்புடல தயாளா" என்றேன்.

"சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டான்.

அதன்பின் அவன் அழைக்கவில்லை. நான் போனில் அவன் நம்பரை எடுப்பேன், அழுத்தமாட்டேன். அந்த நூல் இன்னும் என் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் கிடக்கிறது. அரக்குச் சிவப்பு, கிரீஸ் காய்ந்து கறுத்துவிட்டது. ஸ்பானர் எடுக்கும்போதெல்லாம் விரலில் படுகிறது. இன்று காலையும் பட்டது.