தெற்கு கிடைத்தது

டெண்டர் கிடைத்துவிட்டது என்று கணவர் போனில் கத்தியபோது, பெரியக்கா டிரைவர் தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் வேலை செய்யும் பெண்கள் வைத்த பெயர்தான் பெரியக்கா; ஆள் என்னவோ மேல் தாழ்ப்பாளுக்கு எட்டாத உயரம்.

"எந்த வட்டாரம்?" என்றாள்.

"தெற்கு!"

கரண்டி பாதி வழியில் நின்றது.

பல வருடங்களாக அவள் பார்த்துக்கொண்டிருப்பது இந்தத் தாத்தாவைப் போன்ற வடக்கு வட்டாரத்து முதியவர்களை. வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, ஊட்டி, மருந்து கொடுக்கும் வேலை, செலவு அரசாங்கத்தினுடையது. இந்த முறை நகரத்தை இரண்டாகப் பிரித்து டெண்டர் விட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் நச்சரித்ததால் தெற்குக்கும் ஒன்று எழுதிப் போட்டாள். அங்கே அவளுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று அடித்துப்பிடித்து அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி நிதானமாகத்தான் பேசினார்.

"வடக்குக்கு நீங்க எழுதினது பூராவும் பிரச்சனைம்மா. லிஃப்ட் இல்ல, தூக்க ரெண்டு ஆள் வேணும், சிலர் கதவே திறக்க மாட்டாங்க, சிலர் கோவத்துல அடிப்பாங்க... இதுக்கு எப்படி மார்க் போடுறது? தெற்குக்கு எழுதினதுல ஒரு குறை இல்ல."

"தெற்குல எனக்கு யாரையும் தெரியாது சார். அதான் குறை இல்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். தெரிந்ததைச் சொன்னால் தோல்வி, தெரியாததை அளந்துவிட்டால் வெற்றி. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வேண்டாம் என்று உதறவும் வழியில்லை. அத்தனை பெண்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஜெயித்தவள் அழலாமா என்று யாரிடம் கேட்பது?

வடக்கில் கடைசி நாள். டிரைவர் தாத்தாவுக்கு யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"நாளைக்குப் புது ஆளாமே?"

"ஆமா தாத்தா."

"நல்ல மாதிரியா?"

"தெரியல தாத்தா."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் உன்னை அடிச்சதை அவங்ககிட்ட சொல்லிடாதம்மா. வராமப் போயிடுவாங்க."

சொல்லாவிட்டால் வருகிறவள் அடி வாங்குவாள். சொன்னால் இவர் பட்டினி. பெரியக்காவுக்கு எது சரி என்று தெரியவில்லை. அவர் கையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அடித்த கை அதுதான்.