எடுக்காத லீவு

பட்டறைக்காரரிடம் வாய் கொடுத்தால் அன்றைய வேலை கெட்டது. எந்த வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதை அவர் ஓட்டியிருப்பார். ஓட்டாவிட்டால் பழுது பார்த்திருப்பார். இரண்டும் இல்லையென்றால் அந்த வண்டிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. படித்தது அஞ்சாம் வகுப்பு. பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வெளியே வந்தபோது கையில் ஒரு தகரப் பெட்டியும் அதற்குள் நாலு ஸ்பானரும்தான். இன்றைக்கு மூன்று லாரி ஒரே நேரத்தில் நிற்கிற பட்டறை, புதுக் கூரை, வாசலில் அவர் பேர் போட்ட பலகை. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லாம் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் தங்கள் வண்டியை எடுத்துப் போகிறார்கள். யார் தயவிலும் வந்ததல்ல. இதை அவரே தினமும் சொல்லுவார். சொன்னால் என்ன, பொய்யா?

அப்பேர்ப்பட்டவர் ஒரு விஷயத்தில் மட்டும் பெருமையை அடுத்தவனுக்கு விட்டுக் கொடுப்பார். எல்லைச் சண்டையின்போது, குண்டு விழுந்துகொண்டிருந்த பாலத்தின் மேல் அடிபட்டவர்களை லாரியில் போட்டு அக்கரை சேர்த்த கதை அது. ஓட்டினது அவருடைய கூட்டாளி நெட்டை. அதற்காக நெட்டைக்கு வீர விருது கொடுத்தார்கள். பட்டறைக்காரர் அந்தக் கதையை ஆரம்பித்தால் கேட்பவர் கையில் டீ ஆறிப்போகும். கண்ணாடி எந்தப் பக்கம் தெறித்தது, எந்த கியரில் ஏறியது, பின்னால் யார் முனகியது, எல்லாம் வரும். நெட்டை பக்கத்தில் உட்கார்ந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், கூச்ச சுபாவம் என்று ஊரே நினைத்துக்கொண்டது. அவரும் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இப்படி இருக்கையில், பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத் தருகிற ஆஸ்பத்திரி அட்டைக்காகப் பட்டாள ஆவண ஆபீஸில் தன் சேவைப் பதிவின் நகலை வாங்கி வந்தார். பொடி எழுத்து அவருக்கு ஆகாது. சாப்பாட்டு மேஜையில் மனைவியை உட்கார வைத்து, படி என்றார். அவளும் படித்தாள். சேர்ந்தது, பயிற்சி, ஓட்டுநர் பிரிவு, சேவைப் பதக்கம் ஒன்று, நீண்ட காலச் சேவைக்கு ஒன்று. அவர் தன் கல்யாணப் பத்திரிகையை யாரோ வாசிக்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு இவ்வளவு போதும், எடுத்து வை என்றார். அவள் எடுத்து வைக்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அது லீவுப் பக்கம்.

படித்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"ஏங்க, கல்யாணமான வருஷம் மூணு வாரம் லீவுன்னு போட்டிருக்கு. எங்க போனீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த லீவு அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம். இந்தத் தேதிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தார். அவள் ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்தாள். ரயில் வந்தது, அவர் வரவில்லை. அடுத்த வாரம் கடுதாசி வந்தது: லீவு ரத்து, வருத்தப்படாதே. இப்போது அரசாங்கத்துக் காகிதம் சொல்கிறது, லீவு ரத்தாகவில்லை. புறப்பட்ட நாள், திரும்பிய நாள், ரயில் சீட்டு எண் வரைக்கும் இருக்கிறது. வீட்டுக்கு வராத மனுஷன் மூன்று வாரம் எங்கே இருந்தான்? எந்தப் பெண்டாட்டிக்கும் வருகிற கேள்விதான்.

உண்மை இதுதான். லீவு வண்டி கிளம்ப இருந்த காலையில் நெட்டைக்குத் தந்தி வந்தது. பெண்டாட்டிக்குப் பிரசவம், நிலைமை மோசம், உடனே வா. நெட்டைக்கு லீவு முறை வர இன்னும் மாதங்கள் இருந்தன. பட்டறைக்காரர் தன் லீவுச் சீட்டை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்து வண்டியில் ஏற்றிவிட்டார். சண்டைக் குழப்பத்தில் யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. நெட்டை பேரைக் கூப்பிட்டால் இவர் குரல் கொடுத்தார், நெட்டையின் லாரியை இவர் ஓட்டினார். அந்த வாரமே பாலத்தில் குண்டு விழுந்தது. புதிதாக வந்திருந்த அதிகாரி ஓட்டுநர் பேர் எழுதிய வண்டிச் சீட்டைப் பார்த்து விருதுக்கு எழுதிப் போட்டுவிட்டார். நெட்டை திரும்பி வந்தபோது காரியம் கை மீறிப்போயிருந்தது. வாயைத் திறந்தால் இரண்டு பேருக்கும் சிறை. செத்தாலும் சொல்வதில்லை என்று கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். அன்றைக்கு ஓட்டியது யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

மனைவியிடம், எவனோ தப்பாக எழுதியிருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தார்.

"ரயில் நம்பர்கூடவா தப்பா எழுதுவான்?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. வேளா வேளைக்குச் சாப்பாடு வந்தது. தட்டு வைக்கிற சத்தத்தில்தான் அவள் மனசு தெரிந்தது. சூடேறிய இஞ்சின், விட்டால் தானே ஆறும் என்று அவர் விட்டுப் பார்த்தார். இந்த இஞ்சின் ஆறவில்லை.

சரி, எழுதினவனிடமே போவோம் என்று ஆவண ஆபீஸுக்குப் போனார். திருத்தப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். நிதானமான ஆள், பேசுகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துக் கொடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று இவர் கேட்டார். காய்கறிக் கடையில் சொத்தையைத் தள்ளி வைக்கச் சொல்கிற மாதிரி கேட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. ஒரு வரியை அடித்தால் அந்த இடத்தில் வேறொரு வரி எழுத வேண்டும், அதற்குச் சாட்சி வேண்டும் என்றார்.

"லீவுல போகலைன்னா எங்க இருந்தீங்க?"

"வேலையிலதான்."

"அப்ப உங்க சீட்டுல ரயில் ஏறினது யாரு?"

அவர் காகிதத்தை மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சொன்னால் நெட்டை வீட்டுச் சுவரில் தொங்குகிற விருது இறங்கிவிடும். சொல்லாவிட்டால் தன் வீட்டில் தனக்கு இருக்கிற மதிப்பு இறங்கிவிடும். வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

ஆனால் அவர் மனைவி சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஒரு நாள் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஸ்பிரிங் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஜோடிச் செருப்பு வந்து வரிசையாக நின்றன. ஒன்று மனைவியுடையது. குதிகால் தேய்ந்தது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மாற்றாதது.

"வெளிய வாங்க" என்றாள். இரண்டு வாரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"வேலை இருக்கு."

"லாரி எங்கயும் ஓடிப் போயிடாது. ஓடிப் போற ஆளு நீங்கதான்."

ஊர்ந்து வெளியே வந்தார். மனைவிக்கு ஒரு பக்கம் நெட்டையின் மனைவி, மறு பக்கம் நெட்டையின் மகள். மகள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது தான்தான் என்று பட்டறைக்காரர் சொல்லிக்கொள்வார். உண்மைதான்.

"என்னால முடியல அண்ணே" என்றாள் நெட்டையின் மனைவி. "அக்கா வந்து, உன் வீட்டுக்காரருக்குத் தெரியாம இருந்திருக்காது, அந்த லீவுல எம்புருஷன் எவ வீட்டுல இருந்தாருன்னு கேட்டாங்க. நானும் அந்த லீவா, அது எங்க வீட்டுலதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"ஒரு நிமிஷம் எனக்கு மூச்சே நின்னுபோச்சு" என்றாள் மனைவி. "அப்புறம்தான் முழுசா சொன்னா. இல்லேன்னா அங்கயே ரெண்டு பேர்ல ஒருத்திதான் மிஞ்சியிருப்போம்."

பட்டறைக்காரர் பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சத்தியம் செய்தோமே தங்கச்சி என்றார். சத்தியம் செய்தது நீங்கள் இரண்டு பேர், என்னை யாரும் கேட்கவில்லையே என்றாள் அவள். வாங்கின நாள் முதல் அந்த விருதைத் தன் வீட்டுக்காரர் ஒரு தடவைகூடக் குத்திக்கொண்டதில்லை, அணிவகுப்பு என்றால் சொல்லி வைத்த மாதிரி வயிற்று வலி வந்துவிடும் என்றும் சொன்னாள்.

வீட்டுப் பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று பட்டறைக்காரர் நிம்மதியாகத் திரும்பி லாரிக்கு அடியில் போகப் பார்த்தார். மகள் விடவில்லை. பதிவைத் திருத்தியே ஆக வேண்டும் என்றாள். அவர் கையை விரித்தார். அது உங்கப்பன் விருது, அதில் நான் கை வைக்க மாட்டேன் என்றார்.

"பெரியப்பா, நான் பொறந்தப்ப ரெண்டு உயிருல ஒண்ணுகூடத் தப்பாதுன்னாங்களாம். எங்கப்பா வார்டு வாசல்ல நின்னாரு. வீட்டுக்குள்ள இது தெரியும், வெளிய சொல்லக் கூடாதும்பாங்க. பள்ளிக்கூடத்துல எல்லாம், உங்கப்பா பெரிய வீரரு, நீ பொறந்தப்பக்கூட வர முடியலன்னு சொல்வாங்க. நானும் ஆமாம்னு தலையாட்டிட்டு வந்திருக்கேன்." அவள் குரல் உயரவில்லை. "விருது நாலு பேர் வீட்டுல இருக்கும். அவர் வந்தாருன்னு எழுதித் தரச் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

லாரியை அப்படியே விட்டுவிட்டு, ஆவண ஆபீஸுக்குக் கிளம்புவதற்காகக் கை கழுவப் போனார்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். இரண்டு பெண்களும் மகளும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். இதைத் திருத்தினால் லீவுச் சீட்டை மாற்றிக் கொடுத்த குற்றத்தையும் உங்கள் பதிவில் எழுத வேண்டிவரும், சம்மதமா என்று முதலில் கேட்டார்கள். எழுதுங்கள், செய்ததுதானே என்றார். அப்புறம் பாலத்தில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். இவருக்குச் சொல்லவா தெரியாது? தொடங்கினார். கண்ணாடி தெறித்தது, புகை வந்தது, "நெட்டை கிளட்ச்சை மிதிச்சு ரெண்டாவது கியரப் போட்டு" என்று சரளமாகப் போனார்.

நடுவில் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். யார் மிதித்தது என்று கேட்டார்.

பட்டறைக்காரருக்கு வேர்த்துவிட்டது. இத்தனை வருஷம் ஒரே மாதிரி சொல்லிச் சொல்லி நாக்கு அந்தப் பாதையில் பழகியிருந்தது. நான்தான் என்றார், இப்போது வேறு பேர் சொன்னீர்களே என்றார்கள். ஊரில் வாயாலேயே வாழ்ந்த மனுஷன் அன்றைக்கு வாயாலேயே மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குழந்தையின் பிறப்புப் பதிவில் நெட்டை போட்ட கையெழுத்தை மகள் எடுத்துக் கொடுத்தாள். அதனால் நெட்டை பாலத்தில் இல்லை என்று தெரிந்ததே தவிர, இவர் இருந்தார் என்று தெரியவில்லை.

அப்போது திருத்தப் பிரிவு அம்மா ஒரு காரியம் செய்தார். அன்றைக்கு லாரியில் வந்தவர்களில் ஒருவர் இன்னும் உயிரோடு இருப்பதை அவர் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். தூரத்து ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் போனில் கூப்பிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"பேரெல்லாம் தெரியாதுங்க" என்றது கிழட்டுக் குரல். "கண்ணு மேல கட்டுப் போட்டிருந்தாங்க, முகமும் பாக்கல. ஆனா அந்த ஆளு வாய மூடவே இல்லைங்க. என்னை மாதிரி டிரைவர் இந்தப் பட்டாளத்துலயே இல்ல, என் வண்டியில ஏறினவன் எவனும் செத்ததில்ல, தூங்காதீங்கடான்னு பாலம் தாண்டற வரைக்கும் ஒரே தற்பெருமை. அந்த எரிச்சல்லதான் நான் முழிச்சுக்கிட்டே இருந்தேன்."

அதிகாரி நெட்டையின் மனைவி பக்கம் திரும்பி, உங்கள் வீட்டுக்காரர் இப்படிப் பேசுவாரா என்று கேட்டார்.

"அவரா? இன்னொரு டீ வேணும்னு கேக்கவே அரை நாள் யோசிப்பாருங்க."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பட்டறைக்காரரின் மனைவி மட்டும் தலையைக் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

முடிவு வரச் சில மாதம் ஆனது. விருது பட்டறைக்காரர் பேருக்கு மாறியது. அதே பக்கத்தில், கண்டிக்கப்பட்டார் என்று ஒரு வரியும் இருந்தது. அதையும் அவர் வருகிறவர்களிடம் காட்டிக்கொண்டார். இரண்டும் ஒரே வாரத்தில் செய்த வேலைக்கு வாங்கியவன் வேறு எவனாவது இருந்தால் கூட்டி வரச் சொன்னார். நெட்டையின் பதிவிலும் கண்டிப்பு ஏறியது. அந்த நாட்களுக்கு நேரே, விடுப்பில் வீட்டில் இருந்தார் என்று எழுதியிருந்தது. மகள் அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, விருது தொங்கிய ஆணியில் மாட்டினாள்.

திருத்திய பதிவு வந்த அன்றைக்கு மனைவி அதை முதலில் இருந்து கடைசி வரைக்கும் படித்தாள். இந்தத் தடவை அவர் சொல்லாமலே படித்தாள். லீவுப் பக்கம் வந்தது. கல்யாணமான வருஷத்துக்கு நேரே லீவு எதுவும் இல்லை. காகிதத்தை மேஜையில் வைத்துக் கையால் நீவிவிட்டாள்.

"இப்ப சரியா இருக்குல்ல?" என்றார் அவர்.

"இருக்கு. ஆனா அந்த லீவு உங்களுக்கு மட்டுமா வந்துச்சு? நான் ஸ்டேஷன்ல பொழுது சாயற வரைக்கும் நின்னேன். அது எந்தப் பேப்பர்லயும் இல்ல."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்" என்றாள். "கேக்காம கொடுத்துட்டீங்க."

கேட்க ஏது நேரம், வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்ல வந்தார். இத்தனை வருஷத்தில் சொல்லியிருக்க நேரம் இருந்தது என்பது அவருக்கே தெரிந்தது. ஆமாம் என்று மட்டும் சொன்னார். அவரிடம் இருந்து இவ்வளவு சின்ன பதில் அவள் கேட்டதில்லை. நாற்காலியை அவர் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அதச் சொல்லுங்க."

எல்லாவற்றுக்கும் கதை வைத்திருக்கிறவரிடம் இதற்கு எதுவும் இல்லை. மனசுக்குள் ரயிலை முதலில் நிறுத்த வேண்டியிருந்தது. அப்புறம் கூட்டத்தில் அவளைத் தேட வேண்டியிருந்தது.

"முதல்ல உன் கையில இருந்த பையை வாங்கியிருப்பேன்" என்றார்.

"என் கையில பை இல்ல. குடை இருந்துச்சு."

"அப்ப குடையை வாங்கியிருப்பேன்" என்றார், மெதுவாக.