வர்ஷினியின் மதியச் சோறு

பினாங்கிலிருந்து இரண்டு வாரத் தொண்டூழியத்துக்கு வந்திருக்கிறேன். கப்பலூரில், கம்பெனி வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் காப்பகம். மதியம் பன்னிரண்டரை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். பொறுப்பாளர் முத்துமாரி ஒரே தட்டில் பருப்புச் சோற்றைப் பிசைந்து ஒவ்வொரு வாயாக ஊட்டிக்கொண்டே வருகிறார். இரண்டு வயது வர்ஷினி மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். மூன்று நாளாக அவளைத் தனியாக மடியில் வைத்து ஊட்டியது நான்தான்.

"யக்கா, இன்னும் எம்புட்டு நாள் இருப்பீக?"

"ஒன்பது நாள்."

"பெறகு இதுக்கு யாரு மடி குடுப்பா? இருவது பிள்ளைக்கு நான் ஒருத்திதேன். கொஞ்சம் வெளிய நில்லுங்க."

எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் எழுந்து வெளியே போகிறேன். பின்பக்கக் குழாயடியில் குந்தி, காலையில் பால் குடித்த டம்ளர்களைக் கழுவுகிறேன். உள்ளே வர்ஷினி வீறிட்டு அழுகிறாள். வெகுநேரம் அழுகிறாள். பிறகு சத்தமே இல்லை.

முத்துமாரி ஜன்னல் வழியே கூப்பிடுகிறார். "தின்னுருச்சு யக்கா! உள்ள வாங்க."

"இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவுகிறேன்.