பாதிக்கு முடித்த கடன்

"எனக்கு ஃப்ரீ டிக்கெட்டு, என் மீனுக்கு மட்டும் எதுக்குங்க காசு? கூடையில இருக்கிறது அத்தனையும் சினை மீனு. பொம்பளைங்களுக்கு ஃப்ரீதானே?"

திருமருகல் போகும் டவுன் பஸ்ஸில் நீலாயதாட்சி கண்டக்டரிடம் தினமும் நடத்தும் வழக்கு இது. இரண்டு கூடைக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் என்று முடியும்வரை அந்த மனுஷன் அடுத்த சீட்டுக்கு நகர முடியாது.

நாகூர்ப் பட்டினச்சேரிக்காரி. வயது நாற்பத்தாறு என்பாள். ரேஷன் கார்டு ஐம்பத்தொன்று என்கிறது. பல் டாக்டரிடம் இரண்டாவது பல்லைப் பாதி விலைக்குப் பிடுங்கிக்கொண்டவள். ஏழரை வருஷம் சனி என்ற ஜோசியரிடம், "அஞ்சுன்னு முடிச்சுக்குங்க சாமி, வெத்தலைக்குத் தனியா தர்றேன்" என்றாள். ஆனால் அவள் மீனுக்கு யாராவது விலை குறைத்துக் கேட்டுப் பாருங்கள்! "கடல் அங்கதான் இருக்கு, நீங்களே போயிப் புடிச்சுக்குங்க" என்று கூடையை மூடிவிடுவாள்.

அவளுடைய மாபெரும் வெற்றி ஆறு வருடத்துக்கு முன்னால். மீன் வைக்கும் ஃப்ரீசர் பெட்டியைத் தவணையில் வாங்கினாள். புயலில் தொழில் படுத்துவிட, பாக்கி முப்பத்திரண்டாயிரத்தில் நின்றது. வசூலுக்கு வந்த ஆளை மூன்று மாதம் டீ கொடுத்தே சளைக்க வைத்து, பதினைந்தாயிரத்துக்கு முடித்தாள். 'செட்டில்மென்ட்' என்று ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த கடிதத்தை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி அதற்கும் உண்டு. "பதினேழாயிரம் லாபம்டி!" என்று தெருவில் அவள் சொல்லாத ஆளில்லை.

போன மாதம் மகள் தர்ஷினிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். முப்பதாம் தேதிக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கல்விக் கடனுக்குத் தாயும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தன் நாணயத்துக்குச் சாட்சியாக அந்தக் கடிதத்தையே ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வங்கிக்குப் போனாள் நீலாயதாட்சி.

கடன் அதிகாரி ஜீவிதா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அக்கா, பிரச்சினையே இதுதான். மீதியை அவங்க விட்டுக்கொடுத்தாலும், நீங்க முழுசா கட்டலன்னு ரிப்போர்ட்ல நிக்குது. சிபில் ஸ்கோர் ஐந்நூத்தி எண்பதுதான் இருக்கு."

"ஆறு வருஷப் பழசும்மா! நாங்க நாறுன மீனைக்கூட அன்னைக்கே கொட்டிடுவோம். சரி விடு, ஒரு எழுநூறுன்னு போட்டுக்க."

ஜீவிதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுல பேரமெல்லாம் கெடையாதுக்கா. மீதியைக் கட்டி, கடன் முழுசா அடைஞ்சதுன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க. மேல எழுதிக் கேக்கறேன். உறுதியா சொல்ல முடியாது."

அன்று நீலாயதாட்சி வியாபாரத்துக்குப் போகவில்லை. "இந்தக் காயிதத்துக்குப் போயி சாம்பிராணி போட்டேனே, பாவி" என்று வாய்விட்டு அழுதாள். வெட்கமும் பயமும் சேர்ந்த அழுகை. மறுநாள் மகளுக்குத் தெரியாமல் காதுத் தோட்டை அடகு வைத்து, பதினேழாயிரத்தோடு ஃபைனான்ஸ் ஆபீஸில் போய் நின்றாள்.

கவுன்டரில் ஜாபிர். அன்று வசூலுக்கு வந்து டீ குடித்தே சளைத்தவன் இவன்தான். பணத்தை வாங்கிய கையோடு முந்திக்கொண்டான்.

"நீங்க வாயே தொறக்க வேணாங்க்கா. பழைய பாக்கி, நானே கொறச்சுடறேன். பன்னெண்டோட முடிச்சுக்கலாம்."

ஐயாயிரத்தை எண்ணி, கண்ணாடிக்கு அடியில் வெளியே தள்ளினான். பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

நீலாயதாட்சியின் கை தன்னால் நீண்டது. தாள்களின் மேல் சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு ஒவ்வொரு தாளாக, விரலால் அழுத்தி, உள்ளே தள்ளினாள்.