மாமன் சீரில் வந்த நீலக் கவுன்

எனக்கு எட்டு வயதுவரை காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்; என் மாமாவோ ஆப்பிரிக்காவில், லாகோஸ் பட்டணத்துத் துணிக்கடையில் வேலையாக இருந்தார். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மூளிக்காது' என்றே பெயர். ஒருவழியாக மாமாவும் அத்தையும் கப்பலேறி வந்து சேர, அமராவதிபுதூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று.

சீர்த்தட்டைத் திறந்ததும் சபையே எட்டிப் பார்த்தது. பட்டுப் பாவாடை இருக்க வேண்டிய இடத்தில் கருநீலத்தில் ஒரு கவுன். கை கிடையாது, நீளமும் முழங்காலோடு சரி. லாகோஸ் பெண்கள் கோழி இறகை மரவள்ளிக் கஞ்சியில் தொட்டு, வெள்ளைத் துணியில் கோலம் இழுத்து, அவுரிச் சாயத்தில் முக்குவார்களாம். கஞ்சி பட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெளுப்பாக நிற்கும். பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைக் கற்றுக்கொண்ட அத்தை, அங்கே கடைவீதியில் பார்த்த மாடலில் தானே வெட்டித் தைத்திருந்தாள்.

பெரியப்பா துண்டை உதறினார். "என்ன மாப்ள, கடல் தாண்டிப் போயித் துக்கத் துணியா கொண்டாந்தீக?"

மாமா தரையைப் பார்த்தார். அத்தைதான் பேசினாள்.

"நான் தச்சதுண்ணே. இதைப் போட்டுத்தான் புள்ள எங்க மடியில ஒக்காரும். வேண்டாம்னா சொல்லிருங்க, தட்டைத் தூக்கிக்கிட்டு இப்பவே கெளம்புறோம்."

"இதப் போட்டா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?"

"கவுனையா கட்டப் போறான்?"

பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவின் முகம் சிவந்தது. இவர்கள் கிளம்பிவிட்டால் என் காது இன்னும் எத்தனை வருஷம் மூளியாகக் கிடக்குமோ! யாரிடமும் வாய் திறக்காத நான், கவுனை உருவிக்கொண்டு உள்ளே ஓடினேன். பொத்தான் முதுகுப் பக்கம் வரும் என்று தெரியாது. முன்னால் வைத்துப் போட்டுக்கொண்டு வந்து, மாமா மடியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

"ஏத்தா, திருப்பிப் போட்ருக்கியே!" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் மதினி. லாகோஸ்ல இதுவும் ஒரு பேஷன்தான்" என்றாள் அத்தை.

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் அழவில்லை.

சாயங்காலம் மாமா தோல்பையைத் திறந்து, ஒரு பட்டுப் பாவாடையை அம்மாவிடம் நீட்டினார். "சபையில ஒத்துக்க மாட்டாகன்னு தெரியும். அதான், மதுரையில எறங்குனப்பவே வாங்கிட்டேன்."

அத்தை சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த நீலத்துணியை மடியில் விரித்து, ஊசியில் நூல் கோத்தாள். எனக்கோ ஒரே நாளில் இரண்டு உடுப்பு கிடைத்த கொண்டாட்டம். காலையில் அத்தை மல்லுக்கட்டியது பெரியப்பாவோடு மட்டும்தான் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.