லாஃப்ட் கதவில் இருந்த சீட்டு

காலை ஐந்து பத்துக்குக் கண் விழித்தபோது முதலில் தெரிந்தது சுவர் உச்சியில் லாஃப்ட் கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு. முந்தின நாள் சாயங்காலம் அம்மா ஸ்டூல் மேல் ஏறி அதைப் பிய்த்து எடுத்ததை நான் பார்த்திருந்தேன். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். இந்த முறை ஒட்டியது நான் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மந்தைவெளியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு. அம்மா நர்ஸ். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் மூன்று வருட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தி.நகரில் ஒரு மாடியில் நடந்த ஜப்பானிய வகுப்பில் சேர்ந்திருந்தாள். தேர்வில் தேறினால் போகலாம்.

பதினைந்து வருடம் வார்டில் பேசிய இங்கிலீஷ்தான் அம்மாவின் பலம். பெரிய டாக்டர்களோடுகூட அதில் வாதாடுவாள். இங்கே அது உதவவில்லை. இங்கிலீஷில் யோசித்து ஜப்பானியச் சொற்களைக் கோத்தால் வாக்கியம் பாதியில் நின்றது. மூன்று வகை எழுத்து. பென்சிலை எண்ண ஒரு சொல், காகிதத்தை எண்ண வேறொன்று. உச்சரிப்பை ஏபிசிடியில் எழுதிவைத்துப் படிக்கக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

"இங்கிலீஷ்ல நெனைக்காதீங்கன்றாங்க. வேற எதுல நெனைக்கறது?" என்றாள் அம்மா.

"ஊட்ல என்னைத் திட்டறியே, அதுல நெனை," என்றார் அப்பா.

அப்பாவுக்கு இதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. பொண்டாட்டி ஜப்பான் போய்விட்டால் நீதான் இட்லி ஊத்தணும் என்று தெருமுனை இஸ்திரிக்காரர் சீண்டினால், "ஊத்தறேன், நீயும் வந்து துன்னு," என்பார்.

டீச்சரின் யோசனைப்படி அம்மா வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினாள். அறுபத்துநான்கு. பீரோ, கண்ணாடி, கேஸ் சிலிண்டர், வாளி என்று எல்லாவற்றின் மேலும் அதனதன் ஜப்பானியப் பெயர். மனதில் பதிந்துவிட்ட பெயரின் சீட்டை எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவாள்.

"எல்லாம் டப்பாக்குள்ள போச்சுன்னா நான் ஏரோப்ளேன் ஏறிடுவேன்," என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் சுவர் சுவராக எண்ணினேன். ஐம்பத்தொன்று. நாற்பத்தைந்து. முப்பத்தெட்டு. டப்பாவைத் திறந்து கண்ணாடியின் சீட்டை எடுத்து, டேப்பின் தடம் இருந்த இடத்திலேயே ஒட்டினேன். மறுநாள் வாளி. அப்புறம் ஜன்னல். பத்து நாளில் பதினொரு சீட்டு.

அம்மா என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். கண்ணாடி முன் சீட்டும் கையுமாக நின்று அப்பாவிடம், "இத எடுத்துட்டேன்னு நெனைச்சேங்க. எதுவுமே நிக்க மாட்டேங்குது. பயமா கீது," என்றாள். அதன் பிறகு நான்கு மணிக்கே எழுந்து படித்தாள். நான் ஒட்டுவதை நிறுத்தினேன். சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. சீட்டுகள் மளமளவென்று குறைந்தன. தேர்வுக்கு முந்தின நாள் கடைசியாக லாஃப்ட் சீட்டும் டப்பாவுக்குள் போனது.

தேர்வு நாள் காலை அது மறுபடி மேலே இருந்தது.

குளித்துவிட்டு வந்த அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீயா?"

இல்லையென்று தலையாட்டினேன். பழைய பதினொன்றும் இப்போது வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மா ஸ்டூலைப் பார்த்தாள். அதன் மேல் ராத்திரி வைத்த இஸ்திரித் துணி கலையாமல் இருந்தது. அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அவளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வேறு யாரையும் கேட்கவில்லை. துணியை இறக்கிவைத்து, ஏறி, சீட்டை எடுத்தாள். டப்பாவில் போடாமல் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

தேறினாள். சித்திரையில் கிளம்பினாள். அந்தச் சீட்டு தானாகவே ஏறிப் போனது என்று நம்பிய நான், டப்பாவின் மேல் அரிசி டின்னைத் தூக்கி வைத்தேன். ரொம்ப நாள் அந்தப் பக்கம் தனியாகப் போகவில்லை.

அப்பா எலக்ட்ரீஷியன். உயரம் ஆறடி இரண்டங்குலம். எங்கள் வீட்டில் ட்யூப்லைட் மாற்ற அவர் ஸ்டூல் போட்டதில்லை.